ஃபார்வர்டு செய்த விரல், ஃபார்ம் நிரப்பும் கை

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளிக்கு முன்னால் காலையிலேயே கூட்டம் சேர ஆரம்பித்தது. நான்கு நாட்களுக்கு முன்பு அந்தப் பள்ளியின் விடுதியில் பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்திருந்தார். நியாயம் கேட்டுத் திரளச் சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் அழைப்பு சுற்றியிருந்தது. அடுத்த சில மணி நேரத்தில் பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, போலீஸ் வாகனங்கள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. அந்தத் தீயில் அங்கு படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் போயின.

எரித்தவர்கள் சிலர். பெஞ்சையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் சிலர். வேடிக்கை பார்த்தவர்கள் பலர். மூன்று தரப்பின் கையிலும் செல்போன் இருந்தது. வீடியோ எடுத்தார்கள், அனுப்பினார்கள், ஸ்டேட்டஸ் வைத்தார்கள். சில நாட்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். இது திடீரென வெடித்த கோபமல்ல, திட்டமிட்ட வன்முறை என்று கருதிய சென்னை உயர் நீதிமன்றம், சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அப்போதைய சேலம் சரக டி.ஐ.ஜி. பிரவீன்குமார் அபினபு தலைமையில் அமைந்த அந்தக் குழுவுக்குச் சாட்சி தேடி அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. கூட்டமே படம் பிடித்து, கூட்டமே பரப்பியும் விட்டிருந்தது. பள்ளியிலிருந்து எடுத்துப்போன பொருட்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்து ஊர்களில் தண்டோரா போட்டார்கள். வாட்ஸ்அப்பில் கூடிய கூட்டத்தைத் தண்டோரா போட்டுத் தேட வேண்டி வந்தது.

வேலை தேடும் இளைஞர் சமூக வலைதளத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெருநகரத்து ஆலோசகர்களைக் கேட்டால், மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்: நல்ல போட்டோ போடு, பழைய பதிவுகளை அழி, லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கு. கள்ளக்குறிச்சியில் இந்த அறிவுரை பாதிக் கிணறு கூடத் தாண்டாது. இங்கே ஒருவரின் வேலையைக் கெடுப்பது அவர் போட்ட பதிவாக மட்டும் இருப்பதில்லை. யாரோ எடுத்த வீடியோவில் ஓரமாக நின்ற அவர் முகமாகவும் இருக்கிறது. அதை அவரால் அழிக்கவும் முடியாது.

காக்கிக் கனவும் ஒரு கட்டக் கேள்வியும்

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி. கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம், நெல் என்று விவசாயத்தை நம்பி வாழும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. அதைத் தாண்டிப் பெரிய தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள நெடுங்காலம் ஒன்றும் இருந்ததில்லை. உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில்தான் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்பது அதில் சொல்லப்பட்ட கணக்கு. அதுவரைக்கும், இப்போதும்கூட, படித்து முடித்த பையன்களுக்கு வழி இரண்டுதான்: ஒரகடம், ஓசூர், திருப்பூர் என்று பஸ் ஏறுவது, அல்லது போலீஸ், ராணுவம், டி.என்.பி.எஸ்.சி. என்று அரசு வேலைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பது.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஆண் ஒருவர் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். அதற்காக விடியற்காலை இருட்டில் மைதானத்தைச் சுற்றி வரும் பையன்களை இந்த மாவட்டத்தின் எந்தப் பேரூரிலும் பார்க்கலாம். எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, கயிறு ஏறுதல் எல்லாம் தாண்டிய பிறகு வருகிறது நன்னடத்தை விசாரணை. உங்கள் மீது வழக்கு உண்டா, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்குக் கட்டத்துக்குள் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலைச் சரிபார்ப்பது உள்ளூர் காவல் நிலையம்.

இதில் தமிழ்நாட்டு விதி கொஞ்சம் கறாரானது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒரு விதி இருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவரையும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும் 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்றே கருத வேண்டும் என்கிறது அதன் விளக்கம். நன்னடத்தை விசாரணையின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிற்பாடு அது மாசற்ற விடுதலையில் முடிந்தாலும் அதே தேர்வில் வேலை கேட்க முடியாது. அடுத்த ஆள்சேர்ப்பில் முதலிலிருந்து ஓடி வர வேண்டும். இந்த விதி செல்லும் என்று 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே சொல்லிவிட்டது.

வயதைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 26. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 31. கனியாமூர் வழக்கில் கைதானபோது 22 வயதான, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கு 2026-ல் வயது 26. நூற்றுக்கணக்கானோர் குற்றம் சாட்டப்பட்ட ஒரு வழக்கு எந்த வேகத்தில் நகரும் என்பது கோர்ட் வாசலை மிதித்த எவருக்கும் தெரியும். தண்டனை என்று ஒன்று வருவதற்கு முன்பே காக்கிச் சட்டைக்கான வயது போய்விடும். கலவரத்தில் தீ வைத்தவனுக்கும், பக்கத்து ஊர் நண்பன் கூப்பிட்டான் என்று வந்து நின்றவனுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமில்லை. இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் இன்றைய தேதிக்கு நடைமுறை இதுதான்.

சிறார்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. 18 வயது நிரம்பாதவர் ஒருவர் தவறு செய்ததாகவே தீர்ப்பானாலும், அது பிற்காலத்தில் அவருக்குத் தகுதிக் குறைவாகக் கூடாது என்கிறது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு. 16 வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும்போது வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிவதில்லை. பையனின் வாழ்க்கை அதோடு முடிந்தது என்று முடிவுகட்டி வெளியூர் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மறைத்தால் மாட்டும்

வழக்கு இருக்கிறது என்று எழுதினால் வேலை போகும், எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பதுதான் இதில் ஆகப் பெரிய பொறி. 2016 ஜூலை 21-ல் 'அவ்தார் சிங் எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு ஒரு வரையறை சொன்னது. கைது, வழக்கு, விடுதலை, தண்டனை எதுவானாலும் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். இள வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்காக இருந்தால் வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். மறைத்தது பெரிய விஷயமாக இருந்தால் வேலையை ரத்து செய்யலாம். 2022 மே மாதம் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில், ஒரு தகவலை மறைத்தார் என்பதற்காகவே இயந்திரத்தனமாக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வரும்வரை அவர் எத்தனை ஆண்டுகள் வேலையில்லாமல் கோர்ட் படி ஏறியிருப்பார் என்பதைப் படிப்பவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

இதனால்தான், ஏற்கெனவே வழக்கில் பெயர் உள்ளவருக்கு 'அழித்துவிடு' என்ற அறிவுரை ஆபத்தானது. விசாரணையில் உள்ள விஷயத்தில் போனில் இருக்கும் வீடியோவை, குழுவில் பேசிய பேச்சை அழிப்பது சாட்சியத்தை அழித்த குற்றமாகக்கூட மாறலாம். அப்படிப்பட்டவர் முதலில் பார்க்க வேண்டியது வக்கீலை. கையில் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அதற்கான உதவி எண் 15100.

கனியாமூருக்கு ஒரு மாதம் முன்னால் நாடே இதே பாடத்தைப் பார்த்திருந்தது. 2022 ஜூனில் ராணுவ ஆள்சேர்ப்புக்கான அக்னிபத் திட்டத்தை எதிர்த்து வடமாநிலங்களில் ரயில்களைக் கொளுத்தியவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தில் சேரத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர்கள். சேர விரும்பும் ஒவ்வொருவரும் தீவைப்பிலோ போராட்டத்திலோ பங்கெடுக்கவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும், போலீஸ் விசாரணை கட்டாயம் என்று ஜூன் 19-ல் லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி அறிவித்தார். எந்த வேலைக்காகத் தெருவுக்கு வந்தார்களோ, தெருவுக்கு வந்ததே அந்த வேலைக்குத் தடையானது. அதற்கும் முன்பே, 2021 பிப்ரவரியில், வன்முறைப் போராட்டத்தில் ஈடுபட்டுக் குற்றப்பத்திரிகையில் பெயர் ஏறியவர்களுக்கு அரசு வேலை சிக்கலாகும் என்று பீகார் காவல் துறை சுற்றறிக்கை விட்டிருந்தது. எதிர்க்கட்சிகள் கண்டித்தன. இளைஞர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அரசியலே பேசாமல் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை. இணையத்தில் கருத்துச் சொன்னதற்காகக் கைது செய்ய வழி வைத்திருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. கட்சி அபிமானம் குற்றமல்ல, அரசை விமர்சிப்பதும் குற்றமல்ல. சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவதும், பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போடுவதும், 'வாங்கடா பாத்துக்கலாம்' என்று ஊரைக் கூட்டுவதும் வேறு கணக்கு. தென்மாவட்டம், வடமாவட்டம் என்ற பேதமில்லாமல் கத்தி ரீல்ஸுக்காக இளைஞர்கள் கைதாகும் செய்தி வாராவாரம் வருகிறது. பின்னணியில் ஒலித்த பாட்டை நம்பிப் போட்டோம் என்று சொன்னால் எஃப்.ஐ.ஆரில் அது ஏறாது.

ஹெச்.ஆர். தட்டிப் பார்க்கும் பெயர்

தனியார் கம்பெனி விஷயம் இவ்வளவு கனமானதல்ல. பெரிய நிறுவனங்கள் பட்டம், முகவரி, முந்தைய வேலை, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றைச் சரிபார்க்க வெளி ஏஜென்சிகளை வைத்திருக்கின்றன. சிறிய நிறுவனத்தில் ஹெச்.ஆர். ஒருவரே பெயரையும் கல்லூரியையும் சேர்த்துத் தேடிப் பார்ப்பார். அவருக்குக் கிடைப்பது நான்கைந்து படங்கள், இரண்டு பின்னூட்டங்கள். அதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். சாதித் தலைவர் படத்தோடு மீசை முறுக்கும் ஸ்டேட்டஸ் நம் தெருவில் கைதட்டு வாங்கலாம். ஆள் எடுக்கும் அறையில் எல்லாச் சாதியினரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த மாவட்டப் பெண்களும் பையன்களும் திரளாக வேலைக்குப் போகும் தொழிற்சாலைகளில் இன்னொரு சங்கதி உண்டு. பல ஆலைகளுக்குள் போனே எடுத்துப் போகக் கூடாது. சீருடையோடு, பின்னால் மெஷின் தெரிய எடுத்த 15 நொடி வீடியோ ஒப்பந்த வேலையை அன்று மாலையே முடித்துவிடும். புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஆஃபர் லெட்டரையும் ஐ.டி. கார்டையும் அப்படியே ஸ்டேட்டஸில் ஏற்றுவது அதைவிட மோசம். பெயர், ஊழியர் எண், சம்பளம் என அத்தனையும் மோசடிக்காரனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. பழைய முதலாளியைத் திட்டிய பதிவு இருந்தால், புதிய முதலாளி தன்னையும் ஒருநாள் இப்படித்தான் திட்டுவார் என்றுதான் நினைப்பார்.

ஆனால், ஆலோசகர்கள் கண்ணுக்கே படாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. அது மெயில் ஐ.டி.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சென்டர்க்காரரே அவசரமாகத் திறந்து கொடுத்த மெயில் அது. பெயர் 'கெத்து', 'மாஸ்', 'கில்லர்' என்று ஏதோ ஒன்று. பாஸ்வேர்டு அவர் நோட்டில். மீட்பு எண் சித்தப்பாவுடையது. சித்தப்பாவோ அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். டி.என்.பி.எஸ்.சி.யின் நிரந்தரப் பதிவிலிருந்து தனியார் நிறுவனத்தின் நேர்காணல் அழைப்பு வரை இன்று எல்லாமே ஒரு மெயிலையும் ஒரு ஓ.டி.பி.யையும் நம்பித்தான் இருக்கிறது. அது கையில் இல்லாதவருக்கு லிங்க்ட்இன் எதற்கு? இன்ஸ்டாகிராமைச் சுத்தம் செய்ய ஒரு மாலை செலவழிப்பதற்கு முன், தன் சொந்தப் பெயரில் ஒரு மெயில், தன் சொந்த எண், இரண்டுக்கும் தன் தலையில் இருக்கும் பாஸ்வேர்டு என்று ஏற்பாடு செய்வதற்கு அரை மணி நேரம் போதும். பலன் அதில்தான் அதிகம்.

மலைமேல் வேறு கதை

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் ஏறினால் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் வெள்ளிமலை, கரியாலூர் என்றும், சேலம் பக்கம் கருமந்துறை என்றும் விரிகிறது. ஜாகீர்தார்கள் ஆண்டுகொண்டிருந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சுதந்திரம் கிடைத்து 29 ஆண்டுகள் கழித்து. மலையாளிப் பழங்குடியினரின் பல குக்கிராமங்களுக்கு ஒழுங்கான ரோடு இன்னும் எட்டவில்லை, டவர் எடுப்பதும் அரைகுறைதான்.

இங்கே பிரச்சினை கூடுதலாகப் பதிவு போட்டது அல்ல. எங்குமே பெயர் இல்லாதது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே வந்து டிப்ளமோவோ டிகிரியோ முடித்த ஒருவருக்கு, 'உங்கள் துறையில் இருப்பவர்களோடு தொடர்பை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால், அவர் துறையில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். அப்பா, மாமா எல்லோரும் மலையிலும் ஆந்திர, கேரளத் தோட்டங்களிலும் உழைப்பவர்கள். நகரத்துப் பையனுக்கு லிங்க்ட்இன் ஓர் அலங்காரம். மலைப் பையனுக்கு அது தனக்கு இல்லாத மாமா, சித்தப்பாவின் வேலையைச் செய்யக்கூடிய ஒன்று. படித்த படிப்பு, தெரிந்த மெஷின், ஓட்டத் தெரிந்த வண்டி, பேசத் தெரிந்த மொழி: இவற்றைத் தமிழிலேயே எழுதிப் போட்டாலும் போதும். கல்லூரியின் பழைய மாணவர்களைத் தேடி, 'அண்ணா, நானும் அந்தக் காலேஜ்தான்' என்று ஒரு வரி அனுப்பலாம். பதில் வராது என்று நினைப்பார்கள். நம் ஊர்க்காரர்களில் பதில் போடுபவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

அரசின் 'தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம்' இலவசம். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரி மாணவர்களுக்கு உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சியும் கிடைக்கும். ஆனால் இவற்றின் அறிவிப்பு எல்லாம் இணையத்தில்தான் முதலில் வருகிறது. டவர் இல்லாத ஊருக்கு அது வந்து சேரும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். வெள்ளிமலை அரசு அலுவலகச் சுவரில் தமிழில் ஒரு தாள் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகப் போவதில்லை.

படம் போடலாமா?

பெண்கள் விஷயத்தில் பொது அறிவுரை இன்னும் சறுக்குகிறது. இந்த ஊர்ப் பெண்களில் பலர் தங்கள் முகத்தை இணையத்தில் வைப்பதில்லை. ரோஜாப்பூ, குழந்தை, நடிகை, சாமி படம் ஏதாவது இருக்கும். காரணம் கூச்சமென்று நினைத்தால் தவறு. படத்தை எடுத்து வெட்டி ஒட்டி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒரு மிரட்டல் வந்தாலே வீட்டில் படிப்பையும் வேலையையும் நிறுத்திவிடுவார்கள். வேலைக்குப் படம் கட்டாயமில்லை. ரெஸ்யூமேயில் படம் இல்லாததற்காக ஒதுக்கும் கம்பெனி, சேர வேண்டிய கம்பெனியும் இல்லை. இன்ஸ்டாகிராமைப் பிரைவேட்டாக வைத்துக்கொண்டு, லிங்க்ட்இன்னில் படிப்பும் திறமையும் மட்டும் எழுதி, போன் நம்பரை எங்குமே போடாமல் மெயில் வழியாக மட்டும் பேசுவது போதுமானது. 'மேடம், ஜாப் இருக்கு, வாட்ஸ்அப் நம்பர் அனுப்புங்க' என்று தொடங்கும் ஆள் ஹெச்.ஆர். இல்லை.

மிரட்டல் வந்துவிட்டால் பயந்து கணக்கை மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். மகளிர் உதவி எண் 181. அந்தரங்கப் படத்தைப் பரப்புவதாக மிரட்டினால், 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை, அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் சேர்ந்துள்ள வலைதளங்களில் பரவாமல் தடுக்க உதவுகிறது.

மறைக்க வேண்டியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் காட்ட வேண்டியது விட்டுப்போகும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-ல். அந்தத் தொழிலில் உள்ள இளைஞருக்கு இன்ஸ்டாகிராம்தான் ரெஸ்யூமே, கடை, விசிட்டிங் கார்டு எல்லாம். முடிந்த சிற்பத்தின் பளபளப்பான படத்தைவிட, உளியும் கொட்டாப்புளியும் கையுமாகப் பாதி செதுக்கிய முகத்தின் வீடியோ அதிகம் பேசும். வேலை தெரிந்த கை என்று வாங்குபவருக்கு அது உடனே புரியும். தச்சர், வெல்டர், பேக்கரி மாஸ்டர், டிராக்டர் மெக்கானிக் யாருக்கும் இது பொருந்தும். ஐ.டி. பையன்களுக்கு மட்டும்தான் இணையத்தில் முகவரி வேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை.

இதற்கிடையில் ஊருக்கென்றே ஒரு பெயர் இணையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கள்ளக்குறிச்சி' என்று தட்டினால் 2022 கலவரமும், 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதும் வந்து நிற்கின்றன. அதையடுத்துக் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. ரோடும் பஸ்ஸும் கேட்டு நீதிமன்றம் அரசைக் குடைந்ததை எவ்வளவு பேர் பகிர்ந்தார்கள்? சாராய ஊறல் வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நேர்காணலில், 'ஓ, கள்ளக்குறிச்சியா?' என்று புருவத்தை உயர்த்துபவருக்குப் பதில் சொல்லும் வேலையும் வேலை தேடுகிறவர் தலையிலேயே விழுகிறது.

கடல் தாண்டும் முன்

வெளிநாடு போகிறவர்களுக்கு வலைதளப் பதிவு இன்னும் கூர்மையான கத்தி. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, நிவாரணப் பொருள் பற்றிய ஃபேஸ்புக் பதிவில் ஆபாசமாக ஒரு பின்னூட்டம் போட்ட ஊழியரை ஓமனில் லுலு நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. மன்னிப்புக் கேட்டு அவர் வீடியோ போட்டும் பலனில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவை மதத்தோடு முடிச்சுப் போட்டுப் பதிவிட்ட இந்தியர்கள் சிலர் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை இழந்தார்கள். பாகுபாடு நம் பண்புக்கும் சட்டத்துக்கும் எதிரானது என்று இந்தியத் தூதர் பவன் கபூரே ட்விட்டரில் நினைவூட்ட நேர்ந்தது. நம் ஊர் டீக்கடையில் பேசுவதை அங்கே எழுதினால் வேலையோடு போகாது, ஜெயில் வரை போகும். அமெரிக்க விசா விண்ணப்பத்திலோ 2019 முதல் ஐந்தாண்டு சமூக வலைதளக் கணக்குகளின் விவரத்தையே கேட்கிறார்கள்.

அந்தப் பக்கம் நம்மைத் தேடிக்கொண்டிருப்பது ஹெச்.ஆர். மட்டுமில்லை. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸார் சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்ட மலைப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். மரம் வெட்ட ஆள் பிடித்த புரோக்கர் அன்று ஊருக்குள் நேரில் வந்தான். இன்று அவன் டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வருகிறான். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் இலவசம்' என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, மிரட்டி இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானத்தில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. 'வேலை தேடுகிறேன், எங்கிருந்தாலும் சரி' என்று பொதுவெளியில் போன் நம்பரோடு எழுதும் பதிவு முதலில் போய்ச் சேர்வது இந்தக் கூட்டத்திடம்தான்.

அதனால் வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன் மத்திய அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் அந்த ஏஜென்சியின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்சி வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. மட்டுமே, அதற்கு ரசீது உண்டு. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 'வீட்டிலிருந்தே வேலை, முதலில் டெபாசிட் கட்டுங்கள்' என்று ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.